அம்மா வெளியே போயிருக்காங்க

எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இப்படி ஓர் அறிவிப்பு வந்தது: சர்வீஸ் லிஃப்ட் பத்து மணியிலிருந்து பத்தரை வரை கிடைக்காது, சிரமத்துக்கு வருந்துகிறோம். யாரோ வீடு மாறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெங்களூரின் தொம்மலூரில் இது வாராவாரம் நடப்பது. ஒரு குடும்பம் கட்டில் மெத்தையோடு இறங்கும், அடுத்த குடும்பம் அதே லிஃப்டில் கட்டில் மெத்தையோடு ஏறும். அறிவிப்பின் கீழே கட்டைவிரல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். சாயங்காலம் வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார். அவர் பக்கத்து மர்பி டவுனிலிருந்து வருபவர், எங்கள் கட்டடத்தின் எல்லா மாடிச் செய்தியும் அவரிடம் இருக்கும். "அஞ்சாவது மாடி சாரை இன்னிக்கு எடுத்துட்டாங்களே, நீ போவலையாம்மா?" அந்த அரை மணி நேரம் ஒரு மனிதர் கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து திரும்பிப் போவதற்கான அரை மணி நேரம். அதற்குத்தான் நான் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால், அடுத்த தெருவில் பால் காய்ச்சுகிறவளுக்கும் அது தெரிந்துவிடும். இங்கே எனக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் ஒரே ஒரு மாடிதான். நான் மூன்றாவது, அவர் ஐந்தாவது. அதைவிட உறுத்தும் இன்னொன்று உண்டு. அந்தப் பத்து மணிக்கு நான் சும்மா இருக்கவில்லை. மடிக்கணினியில் அலுவலகக் கூட்டத்தை ஊமையாக்கிவிட்டு, பால்கனியில் நின்று, நூற்றெழுபது எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இறந்துபோன ஒருவருக்கு ஐஸ் பெட்டி ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

"அக்கா, பரதராமி பக்கத்துலேர்ந்து பேசறேன். எங்க நைனா பூட்டாரு. பெட்டி வேணும்."

"வீட்டுல கரண்ட் இருக்குதுங்களா? வாசப்படி அகலம் எவ்ளோ இருக்கும்?"

"கஸ்தூரி அக்காதான?"

"அவங்க பொண்ணு பேசறேன். அம்மா வெளிய போயிருக்காங்க. பெட்டி ஒன்றரை மணி நேரத்துல வந்துடும். அதுவரைக்கும் ஃபேன் போட்டு வைங்க."

அம்மா வெளியே போகவில்லை. அம்மா இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

என் அம்மா கஸ்தூரி குடியாத்தத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயதில் அப்பா போனபின் அவர் விட்டுப்போன இருபது நாற்காலியையும் நான்கு அண்டாக்களையும் வைத்துத் தொடங்கியது. நான் கல்லூரிக்குப் போகும்போது இரண்டு கல்யாணத்துக்கு ஒரே நாளில் பாத்திரம் அனுப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு அண்டாவின் காதுக்குக் கீழும் 'க' என்று வெட்டியிருக்கும். ஆயிரம் பேருக்குச் சாம்பார் கொதிக்கும் பாத்திரங்களுக்குச் சொந்தக்காரிக்குச் சாம்பார் வைக்க வராது என்பது ஊரறிந்த வேடிக்கை. எங்கள் வீட்டுச் சாப்பாடு பெரும்பாலும் கல்யாண மண்டபத்திலிருந்து தூக்குச் சட்டியில் வந்தது. யாராவது கேலி செய்தால், "பஸ் கம்பெனி ஓனரு பஸ்ஸு ஓட்டுறானா?" என்று கேட்பார்.

ஐஸ் பெட்டி பின்னால் வந்தது. ஒரு மே மாதம், லுங்கி நெய்யும் குடும்பம் ஒன்றில் மகன் வெளியூரிலிருந்து வருவதற்குள் தகப்பனை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வெயில் தாங்கவில்லை. அந்த மகன் வெறும் வாசலில் வந்து நின்றதை அம்மா பார்த்திருக்கிறார். மறுமாதமே பெட்டி வாங்கிவிட்டார். கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுக்கும் கடையில் பிணப் பெட்டியா என்று முகூர்த்த வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "இந்த அண்டா எழவு வீட்டுக்குப் போனதா?" என்று ஒரு மாப்பிள்ளை வீட்டு அம்மாள் மூடியைத் திறந்து பார்த்துக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "போச்சு. சோறு ஆக்கிக் குடுத்துட்டு வந்துச்சு. வேற ஒண்ணும் பண்ணல" என்றார் அம்மா. அந்த அம்மாள் வேறு கடைக்குப் போய்விட்டார். அம்மா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அல்லது பட்டு, எனக்குக் காட்டவில்லை. இப்போது கேட்க முடியாத கேள்விகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு வேலையை அம்மா தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இறந்தால், வீட்டுக்காரர் பல இடங்களில் உடலை உள்ளே வைக்க விடமாட்டார். ஆஸ்பத்திரியில் போன உயிர் என்றால் சொல்லவே வேண்டாம், உடல் தெருவில்தான் நிற்கும். அப்படி ஒருமுறை ஆட்டோவிலேயே ஒரு கிழவியை வைத்துக்கொண்டு பேரன்கள் விழித்ததைப் பார்த்த பிறகு, கடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் கொட்டகையில் பாதியைக் காலி செய்தார். வீடில்லாத சாவுக்கு அந்தப் பாதி. சாமியானா, ஜமக்காளம், விளக்கு, மூன்று ஃபிளாஸ்க் டீ, எல்லாம் கடையினுடையது. தெருப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்து வைத்திருந்தார். யாருமில்லாத சாவுக்கு அவர்கள் போய் உட்காருவார்கள். ஊர் அம்மனின் சிரசுத் திருவிழாவில் நீர்மோர் ஊற்றுவதும் இதே கூட்டம்தான். வெளியே போகும்போது எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டேதான் போவார்கள்.

அம்மாவுக்குத் தொழிலில் ஒரு கண்டிப்பு இருந்தது. சாவு வீட்டில் இன்னொரு சாவைப் பேசக்கூடாது. முக்கியமாக, நம் வீட்டுச் சாவை. "அவங்க கதவாண்ட போயி எங்கூட்லயும் இப்டித்தான் ஆச்சுன்னு ஆரம்பிச்சா, அவங்க அழுகைய நாம புடுங்கிக்கிற மாதிரி" என்பார். சொந்தத் தம்பி இறந்த மூன்றாம் நாள் அம்மா ஒரு வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோனார். அவர்கள், "தம்பி நல்லா இருக்காராக்கா?" என்று கேட்டதற்கு, "இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து கடையில் உட்கார்ந்து அழுதார். இதை எனக்குச் சொன்னது லோகம்மா. கடையில் பாத்திரம் கழுவ வந்து, கடைசியில் கடைச் சாவியையே இடுப்பில் வைத்திருக்கும் ஆளாகிவிட்டவர் அவர். அம்மாவைவிட ஐந்து வயது இளையவர். இருவரும் சண்டை போடாத நாள் கிடையாது.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணை நான் பெங்களூருக்குக் கூப்பிட்டேன். மித்ரா பிறந்து ஆறு மாதத்தில் என் விடுப்பு முடிந்தது. குழந்தை காப்பகம் ஒன்றைப் போய்ப் பார்த்து, அங்கே ஒரே கிண்ணத்தில் மூன்று குழந்தைகளுக்கு ஊட்டுவதைக் கண்டு அழுதுகொண்டே வந்து, அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். லோகம்மாவிடம் கடையை விட்டுவிட்டு ஒரே பையோடு வந்து இறங்கினார். ஐந்து மாதம் இருந்தார். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனைச் செருகிக்கொண்டு, குடியிருப்பின் பூங்காவில் நடந்தபடியே கடையை நடத்தினார். ஊஞ்சல் பக்கம் போகும்போது, "ஆளு உயரமா குட்டையா? பாடிய குளிப்பாட்டியாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். மற்ற தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சறுக்குமரத்துப் பக்கம் போவார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது தமிழ் புரியும் என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "புரிஞ்சா நல்லதுதானே, ஒரு நாள் தேவைப்படும்" என்பார்.

ஒரு நாள் குளியலறைக் குழாயைப் பார்க்க வீட்டின் உரிமையாளர் வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வானிலையை விசாரிப்பதுபோலக் கேட்டார்: "ஏங்க, இந்த வூட்ல யாராச்சும் செத்துட்டா உள்ள வைக்க வுடுவீங்களா?"

அவர் தண்ணீரை விழுங்காமல் என்னைப் பார்த்தார். "ஹாகெல்லா மாத்தாடபாரதம்மா. அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்றார்.

"பேசாம வுட்டா நடக்காதா? எங்க ஊர்ல நாங்க மொதல்லயே கேட்டு வச்சுப்போம்."

அன்று மாலையே அவர் என் கணவன் கார்த்திக்கை அழைத்து, மாமியாருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லையா, மறைக்காமல் சொல்லுங்கள், அந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடத்தி இரண்டு வருடம்தான் ஆகிறது என்று விசாரித்திருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் பதினொரு மாத ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். நாய் வளர்ப்பது, சுவரில் ஆணி அடிப்பது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. அது எனக்கு அப்போது சிரிப்பாகக்கூட இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அம்மாவுக்கு கேட்டரிங் தொழில் என்று சொல்லத் தொடங்கினேன். ஐந்தாம் மாடி ஷைலஜா ஆன்ட்டிக்கும் அதையே சொன்னேன். அவர்தான் அம்மாவோடு பூங்காவில் தினமும் உட்காருபவர். அவர் கன்னடத்தில் பேசுவார், அம்மா தமிழில் பேசுவார், இருவரும் அவரவர் முட்டிவலியைப் பற்றி முழுதாகப் பேசி முடித்து எழுந்து வருவார்கள். கேட்டரிங் என்று கேள்விப்பட்ட ஆன்ட்டி ஒரு நாள் பிசிபேளாபாத்துக்கு அம்மாவிடம் அளவு சரியா என்று கேட்டுவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"நான் என்னிக்குடி சமைச்சேன்? எனக்கே தெரியாம எனக்கு கேட்டரிங்கா?"

"இங்கெல்லாம் அதைச் சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். கண்ணு இருக்குது, பாக்குறாங்க." கொஞ்ச நேரம் கழித்து, மித்ராவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டே, "உனக்குத்தான் ஒரு மாதிரி இருக்குது" என்றார். அதில் கோபம் இல்லை. அளவெடுத்துச் சொன்னதுபோல இருந்தது. அதன்பின் அம்மா பூங்காவில் ஃபோன் வந்தால் எழுந்து மதில் ஓரமாகப் போய்ப் பேசினார். நான் கேட்டுக்கொண்டதைச் செய்தார். அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த மதிலோரத்தைக் கடக்கும்போதெல்லாம் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

மித்ராவுக்கு ஒரு வயது முடிவதற்குள் அம்மா ஊர் திரும்பினார். நல்ல காப்பகம் ஒன்று கிடைத்துவிட்டது. பிறகு மூன்று வருடம், பண்டிகைக்குப் பண்டிகை, ரயிலில் நாங்கள் போய் வந்துகொண்டிருந்தோம். நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலை, ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வரை போகவில்லை. நான் ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம் கடந்திருந்தது. அம்மா தன்னுடைய பெட்டிக்குள் இருந்தார். பெட்டியின் பக்கவாட்டில், நீல எழுத்தில், அம்மாவின் பெயரும் அம்மாவின் ஃபோன் எண்ணும். நான் கண்ணாடியின் மேல் கை வைத்திருந்தேன். அப்போது லோகம்மாவின் மடியில் அந்த ஃபோன் அடித்தது. யாருக்கோ பெட்டி வேண்டும். கடையில் இருந்தது ஒரே பெட்டி. லோகம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னார்: "பெட்டி இன்னிக்கு வேலையா கீது. நாளைக்குத் தரேன்."

யாருக்கு வேலையாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

காரியம் முடிந்து கிளம்பும்போது, வங்கி வேலைக்குத் தேவைப்படும் என்று அந்த ஃபோனை என் பையில் போட்டுக்கொண்டேன். ஜோலார்பேட்டை தாண்டும்போதே முதல் அழைப்பு வந்தது. அம்மா இறந்தது குடியாத்தத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண் ஊரோடு நிற்கவில்லை. பேரணாம்பட்டு சாலையின் பாலத்தடியில், எத்தனையோ கிராமத்துச் சுவர்களில், வாடகைக்குப் போய்த் திரும்பாத நாற்காலிகளின் முதுகில் எல்லாம் அது இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து எண்களை அழுத்துகிறார். அவரிடம் நான் என்ன சொல்வது? உங்கள் அப்பா இறந்துவிட்டாரா, என் அம்மாவும்தான் என்றா? வாயில் தானாக வந்தது, அம்மா வெளியே போயிருக்காங்க. பிறகு லோகம்மாவை அழைத்தேன். அவர் குட்டியானை வண்டிக்காரரை அனுப்பினார். பெட்டி போய்ச் சேர்ந்தது. ஃபோனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று லோகம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்குப் பேச வராது பாப்பா. நான் பேசுனா அழுதுருவேன், இல்லாட்டி திட்டிருவேன். நீ எடு. உன் கொரலு அக்கா கொரலாட்டமே கீது" என்றார். அது உதவியா, சுமையா, எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

இறந்தவரின் மனைவி ஷைலஜா ஆன்ட்டியைப் பார்க்க நான் போனது அந்தச் செவ்வாய்க்கு மறுநாள். எடுத்த வீட்டுக்குத் தாமதமாகப் போகும்போது என்ன கொண்டுபோவது, இவர்களிடம் எதைக் கொண்டுபோகலாம், எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன் வரவேற்பறையில் யாரோடோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி, "பன்னி, கூத்கொள்ளி", வா, உட்கார் என்று பக்கத்தில் இடம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையே ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார். மகன் வரும்வரை இரண்டு நாள் அங்கேயே, பிணவறையில். வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்க யாரும் இல்லை, எப்படி என்றும் தெரியவில்லை. "நாற்பத்தாறு வருஷம். ஒரு நாளும் தனியா படுத்ததில்ல அவரு. இரண்டு நாள் அந்த பெட்டகத்துல, நம்பர் ஒட்டி" என்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னார். அவருக்குத் தமிழ் அவ்வளவு வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பூங்காவில் அம்மா பேசியதெல்லாம் அவருக்குப் புரிந்துதான் இருந்ததா? புரிந்தும், கேட்டரிங் என்று நான் சொன்னதால் பேசாமல் இருந்தாரா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் போதும். இந்த ஊரிலும் பெட்டி வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செல்வி அக்காவைக் கேட்டால் மர்பி டவுனிலேயே இரண்டு பேரைக் காட்டுவார். அந்தப் பெரியவர் தன் சொந்த வரவேற்பறையில், மனைவியின் பார்வையில் படுத்திருக்கலாம். தூரத்து ஊருக்கெல்லாம் பெட்டி அனுப்பும் ஒருத்தி இரண்டு மாடிக்குக் கீழே இருக்கிறாள் என்று ஆன்ட்டிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டவளே நான்தான்.

அப்போது ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிம்ம தாயி ஹேகித்தாரே?" என்று கேட்டார். அம்மா எப்படி இருக்கிறார் என்று.

"சென்னாகித்தாரே" என்றேன். நன்றாக இருக்கிறார். அம்மாவின் கண்டிப்பு அது, அந்த வீட்டில் வேறெதையும் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கீழே இறங்கி வரும்போது சந்தேகம் வந்துவிட்டது. அம்மா தன் தம்பி இருப்பதாகச் சொன்னது அந்த வீட்டின் அழுகைக்கு மரியாதையாக. நான் சொன்னதும் அதற்காகத்தானா? அல்லது அம்மா இறந்துவிட்டார் என்று இந்த ஊரில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாமலிருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதா? அலுவலகத்துக்கு மின்னஞ்சல்தான் அனுப்பினேன். மித்ரா பள்ளி விட்டுப் போகும் காப்பகத்தில் கார்த்திக் சொன்னான். யோசித்துப் பார்த்தால் நான் யாரிடமும் சொன்னதில்லை. அழைப்பவர்களுக்கெல்லாம் அம்மா வெளியேதான் போயிருக்கிறார். நான் பேசும் அந்த இரண்டு நிமிடமும் எனக்கும் அப்படித்தான்.

அடுத்த வாரம் மித்ராவின் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஆசிரியை மிகவும் மெதுவாகப் பேசினார், அதுவே என்னைப் பயமுறுத்தியது. விளையாட்டு நேரத்தில் மித்ரா ஒரு பொம்மையைச் செருப்புப் பெட்டியில் படுக்க வைத்து, மற்றக் குழந்தைகளிடம், "ப்ளக் எங்க இருக்குது? ஆளு உயரமா குட்டையா?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு பையன் அழுதிருக்கிறான். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மேடம்? நான் வழக்கம்போல, அவள் பாட்டிக்கு கேட்டரிங் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கார்த்திக் அன்று கோபப்படவில்லை. பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "அத்தை செஞ்சது பெரிய காரியம்தான். நான் இல்லேங்கல. ஆனா நாலு வயசுக் குழந்தை முன்னாடி வாரத்துக்கு மூணு சாவு எதுக்கு?" என்றான். "நீ அந்த ஃபோன எடுத்தவுடனே உன் முகமே மாறுது. அவ அதைப் பாத்துட்டே இருக்கா." அவன் சொன்னது சரி. நான் குழந்தைக்கு ஜாம் வாங்கினாலும் டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குகிற அம்மா. அவளுக்கு எந்த வயதில் எதைச் சொல்லலாம் என்று புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் காதில் இதை விழவைத்தது எந்த நியாயம்? ஆனால் நானும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், எனக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று ஒரு மனம் கேட்டது. என்ன கெட்டுப்போயிற்று என்று இன்னொரு மனம் ஒரு பட்டியலையே எடுத்தது.

சனிக்கிழமை மித்ராவையும் கூட்டிக்கொண்டு ஃபோன் கடைக்குப் போனேன். எண்ணை லோகம்மாவின் மருமகள் பெயருக்கு மாற்ற முடியுமா என்பதுதான் என் கேள்வி. அவள் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள், அரைமனதாக. மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞன் யாருடைய பெயரில் எண் என்று கேட்டான். அம்மா என்றேன். "அவரே பர்பேகு மேடம்" என்றான். அவரே வர வேண்டும். அவரால் வர முடியாது என்றேன். அப்படியென்றால் வீடியோ கால் போடுங்கள் என்றான். அவன் மேல் தவறில்லை. நான் சொன்னதைத்தான் அவன் கேட்டான். பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் திருப்பி வைத்தேன். அதைப் படித்து, அவன் முகம் கொஞ்சம் மாறி, குரலைத் தாழ்த்தினான். "சாரி மேடம். மாத்தணும்னா வாரிசு, லெட்டர், கையெழுத்துன்னு நிறைய அலைச்சல். டீஆக்டிவேட் மாட்பிடி, நிறுத்திடுங்க. அதுதான் சுலபம்."

"அப்புறம் அந்த நம்பர் என்ன ஆகும்?"

"கொஞ்ச மாசம் சும்மா இருக்கும். அப்புறம் வேற கஸ்டமருக்குப் போயிடும் மேடம்."

இதை நான் யோசித்ததே இல்லை. எந்த ஊரிலோ, புது ஃபோன் வாங்கிய சந்தோஷத்தில் இருக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணின் காதில், அக்கா எங்க நைனா பூட்டாரு என்று ஒரு குரல் விழும். அவள் ராங் நம்பர் என்று சொல்லுவாள். வேறென்ன சொல்லுவாள்? சுவரில் எண்ணைப் பார்த்து அழுத்தியவர் இன்னொரு முறை அழுத்துவார். அதே பதில். வெயில் ஏறிக்கொண்டிருக்கும். நான் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கடைவாசல் படியில் உட்கார்ந்து படிவத்தை மடித்தேன், பிரித்தேன். மேம்பாலத்தின் கீழே பேருந்துகள் கத்திக்கொண்டிருந்தன. அப்போது அம்மாவின் ஃபோன் அடித்தது.

மித்ரா என் முகத்தைப் பார்த்தாள். எடுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே எடுத்தேன்.

"கஸ்தூரி! நான் முனியம்மா பேசறேன். பேரணாம்பட்டு ரோட்டு முனியம்மா." வயதான குரல். "எங்கூட்டுக்காரரு பூட்டாரு கஸ்தூரி. காலைல காப்பி கேட்டாரு, போட்டுக்கினு வரேன், இல்ல."

"அம்மா வெளிய போயிருக்காங்கம்மா. நான் பொண்ணு பேசறேன். பெட்டி அனுப்பறேன்."

"பெட்டிய அனுப்பாத. அவள வரச் சொல்லு. அவகூட ஆறு வருசம் மோரு ஊத்துனவ நான். பையன் வூட்டோட வந்தப்புறம் பாக்கவே முடியல. உன் வூட்டுக்காரனுக்கு ஒண்ணுன்னா நானே வந்து பெட்டிய வச்சு, உன் பக்கத்துல உக்காருவேன்னு சொல்லிக்கீறா. அவ வர வரைக்கும் நான் யாரையும் தொட வுட மாட்டேன். எப்போ வருவா? சாயந்தரம் ஆவுமா?"

எத்தனையோ வீடுகளுக்கு நான் சொன்ன பொய் அதுவரை யாரையும் காக்க வைத்ததில்லை. அவர்களுக்குப் பெட்டி போதும். இவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார், குட்டியானை வண்டி வந்து நிற்கும், அம்மா இறங்குவதற்காகக் கழுத்தை நீட்டுவார். அந்தக் கழுத்து எனக்குத் தெரிந்தது. சாவு வீட்டில் இன்னொரு சாவைப் பேசக்கூடாது. அம்மா, நீ சொன்னதுதான். ஆனால் இந்தப் பெண்ணிடம் மட்டும் என்னால் முடியவில்லை.

"அம்மா இல்லம்மா. செத்துட்டாங்க. நாலு மாசம் ஆச்சு."

அந்தச் சொல்லை என் வாயால் நான் சொன்னது அதுவே முதல் முறை. மறுமுனையில் முனியம்மா அழத் தொடங்கினார், கணவருக்காக அதுவரை அழாதவர்போல. "அடிப் பாவி மகளே கஸ்தூரி" என்று, ராகம் இழுத்து, ஃபோனிலேயே. பின்னால் வேறு பெண்களின் குரல்கள், யாருக்கு என்ன, யாரு என்று கேட்டன. நானும் அழுதேன். தொம்மலூரில், கடைவாசல் படியில், பட்டப்பகலில். உள்ளிருந்த இளைஞன் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். மித்ரா அதை எடுத்து மூடியைத் திருகத் தொடங்கினாள்.

"யாரு இருந்தா பக்கத்துல, போறப்ப?" முனியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"லோகம்மா இருந்தாங்க."

"நீ?"

"நான் பெங்களூர்ல இருந்தேன்மா. இப்பவும் பெங்களூர்லதான் இருக்கேன்."

"பெங்களூருலயா?" அவர் அழுகை சட்டென்று நின்றது. வேறொரு கவலை அங்கே நுழைந்துவிட்டது எனக்குக் கேட்டது. "அங்கேர்ந்து பெட்டி எப்போ வந்து சேரும் கண்ணு? வெயிலு தூக்குதே, அதுவரைக்கும் தாங்குமா அவருக்கு?"

"இல்லம்மா, பெட்டி அங்கதான் இருக்கு. அரை மணியில வந்துடும், லோகம்மாவே கூட வருவாங்க" என்றேன். "நான்தான் இங்க இருக்கேன்."